ஓ.பி. நோட்டில் எல்லாமே பூஜ்ஜியம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அரைநாள் ஸ்லைடு போட்டுப் பேசினேன். முடிவில் 20 கேள்வி. பெரும்பாலோர் 18க்கு மேல் வாங்கினார்கள். சான்றிதழ், டீ, வடை, குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று.

இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, முழு மதிப்பெண் வாங்கிய சிஸ்டர்தான் ஓ.பி.யில் டியூட்டி. முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் ஆச்சிக்குப் படியேறிய இளைப்பு இன்னும் அடங்கவில்லை. உயர ஸ்டூலில் கால் தொங்குகிறது. ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, "சாப்ட்டியளா ஆச்சி?" என்று பேச்சுக் கொடுத்தபடியே காற்றடித்து, 150/90 என்று எழுதிக்கொண்டார் சிஸ்டர்.

ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், வெறும் கையில் கட்ட வேண்டும், பேசக் கூடாது. அத்தனையும் அவர் பரீட்சையில் சரியாக டிக் அடித்தவைதான். இளைப்பும் பேச்சும் தொங்கும் காலும் அளவைக் கூட்டிக் காட்டும். ஆச்சி தேவையில்லாத மாத்திரையோடு ஊர் திரும்பியிருக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் தப்பு என் பரீட்சையில்தான் இருந்தது. அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் நாலு படி சொன்னார்: விஷயம் தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், கேட்டால் செய்து காட்டுவார், அன்றாட வேலையில் செய்கிறார். நான் முதல் படியில் அளந்துவிட்டு நாலாம் படிக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

சரி, நாலாம் படியை எப்படி அளக்க? நாம் பக்கத்தில் நின்றால் யாரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். அதனால் ஓ.பி. நோட்டைக் கேட்டு வாங்கினேன். டயல் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் ஏறும். கவனமாகப் பார்த்து எழுதினால் கடைசி இலக்கமாக 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். அந்த நோட்டில் 120/80, 130/80, 140/90 என்று பக்கம் பக்கமாகப் பூஜ்ஜியம்.

இருபது வருஷம் சர்வீஸ் போட்டவரைப் புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள் முன்னால் குறை சொன்னால், அப்புறம் நாம் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. பெயர் சொல்லாமல் நோட்டை மட்டும் நடுவில் வைத்து, "இதுல என்ன தோணுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதே சிஸ்டர் சொன்னார்:

"நீங்க சொல்லுதது சரிதான் மேடம். காலையில அறுபது பேரு நிக்காவ. ஒவ்வொருத்தரையும் அஞ்சு நிமிஷம் யாரு உக்கார வைக்க?"

என் ஸ்லைடு எதிலும் அந்தக் கேள்வி இல்லை. வழியையும் அவர்களேதான் கண்டுபிடித்தார்கள். டோக்கன் வரிசையில் நிற்க வைக்காமல் முதுகு சாய்த்து உட்கார நாற்காலி போட்டார்கள்; காத்திருக்கும் நேரமே ஓய்வு நேரமாயிற்று. கால் எட்டாதவர்களுக்கு ஒரு மரப்பலகை. ரவிக்கைக் கை மேலே ஏறாதவர்களுக்கு ஒரு திரை மறைப்பு.

நானும் அரைநாள் வகுப்பை விட்டுவிட்டேன். இரவு டியூட்டி முடித்து வந்து தூங்கி விழுந்தவர்கள் மேல் கோபப்பட்டதெல்லாம் உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போது ஷிப்ட் மாறும் நேரத்தில், வேலை செய்யும் இடத்திலேயே 15 நிமிடம். ஒருவர் ரத்த அழுத்தம் பார்ப்பார், இன்னொருவர் செய்ய வேண்டியவை எழுதிய அட்டையோடு அவரைக் கவனிப்பார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை, இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவி கற்றவர்களுக்கே சில மாதங்களில் கைப்பழக்கம் விட்டுப்போகிறது, இது மட்டும் எப்படி நிற்கும்?

போன மாதம் நோட்டைப் பார்த்தேன். 138/84, 126/78, 144/92 என்று எண்கள் கலந்து கிடந்தன. சந்தோஷமாகப் பக்கத்துக் கட்டத்துக்குக் கண்ணை ஓட்டினேன். மூச்சு எண்ணிக்கை. மேலிருந்து கீழ்வரை அத்தனை பேருக்கும் 20.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அதை ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும்லா மேடம்."