தவறாக மடித்தாலும் மூன்றில் ஒரு பங்கு

1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் மாணவர்களை என்ன செய்வது என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். இது எல்லா நாட்டு வகுப்பறைகளிலும் உள்ள சிக்கல்தான். 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில், 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று 13 வயது மாணவர்களிடம் கேட்டார்கள். இரண்டுமே 1-ஐ ஒட்டியவை, ஆகவே விடை 2. பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்! பின்னம் அவர்களுக்கு ஓர் எண்ணாகவே தெரியவில்லை.

வட்டத்துக்கு வண்ணம் தீட்டுவது தொடக்கத்துக்குச் சரி. 7/5 வந்ததும் வட்டம் கைவிட்டுவிடும். எண்கோடுதான் நம்பகமானது, அதைக் கையில் எடுத்து மடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

30 செ.மீ. காகிதப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் வேண்டாம். இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு எது என்று குத்துமதிப்பாகக் குறியுங்கள். 10-க்குப் பதில் 12 செ.மீ.யில் குறித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வலது ஓரத்தை அந்தக் குறிவரை மடியுங்கள். புதிய மடிப்பு 21-இல் விழும். இடது ஓரத்தை அந்த மடிப்புவரை கொண்டுவாருங்கள், இப்போது 10.5. இன்னொரு சுற்று போனால் 10.125. ஒவ்வொரு மடிப்பிலும் பிழை பாதியாகிறது. காரணம் எளிது: முதல் துண்டில் கூடிய 2 செ.மீ. மற்ற இரண்டிலும் சேர்ந்து குறைகிறது; மடிக்கும்போது அந்தக் குறை இரண்டுக்கும் சமமாகப் பிரிந்துவிடுகிறது. ஜப்பானியக் காகித மடிப்புக் கலைஞர் ஷூஸோ ஃபுஜிமோட்டோவின் பெயரால் வழங்கும் முறை இது. பாதியாக்க மட்டுமே தெரிந்த கை, மூன்றில் ஒன்றை நெருங்கிக்கொண்டே போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

மூன்றாக மடித்த பட்டையை மறுபடி பாதியாக மடித்தால் ஆறு கட்டங்கள். அதில் 1/2 என்பது மூன்று கட்டம், 1/3 என்பது இரண்டு கட்டம், கூட்டினால் 5/6. மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். 2/5 பாதியைவிடச் சிறியது என்பதையும் மாணவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

ஸ்மார்ட் போர்டு வாங்கப் பணம் கிடைக்கிறது, இப்படி நிதானமாக மடித்துப் பார்க்க ஒரு பாடவேளை கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஐந்தாகப் பிரிக்கவும் இதே வித்தை பலிக்கும்: வலப்பக்கம் இருமுறை, இடப்பக்கம் இருமுறை, ஆக ஒரு சுற்றுக்கு நான்கு மடிப்புகள். ஏழுக்கோ மூன்றே போதும். ஏன் என்பதை உங்கள் மாணவர்கள் மடித்துக் கண்டுபிடிக்கட்டும்.