வூமெராவில் வேலி கிடையாது

சென்ற வருடம் ஏப்ரல் பள்ளி விடுமுறை. எங்கள் பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்று அடிலெய்டிலிருந்து, உலுரு என்ற பெரும்பாறையைப் பார்க்கக் காரில் கிளம்பியது. போகும் சாலை வூமெரா ஆயுதச் சோதனைக் களத்தின் ஊடே ஓடுகிறது. இரவு ஏழு மணிக்கு அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய எட்டு வயது மகன் சிவப்பு மண்ணில் நின்றுகொண்டு, ஒரு முழ நீளத் துருப்பிடித்த இரும்பைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஒரு முனை குழாய் மாதிரி இருந்தது, மறுமுனை பிய்ந்து விரிந்திருந்தது. "அண்ணா, ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி கிடந்துச்சு. ராக்கெட் பாகமா இருக்குமா? ஸ்கூலுக்குக் கொண்டுபோய்க் காட்டணும்ங்கிறான்."

படம் எடுத்தது மதியம் மூன்றரை மணிக்கு. அங்கே சிக்னல் கிடையாது. கூபர் பீடி என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த இரும்பு கார் டிக்கியில், துணிப்பைகளுக்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கும் நடுவே உருண்டுகொண்டே வந்திருக்கிறது.

உடனே போன் போட்டேன். பிள்ளைகளைக் காரிலிருந்து தள்ளிக் கூட்டிப் போகச் சொன்னேன். டிக்கியைத் திறக்க வேண்டாம், அதை வெளியே எடுத்து வைக்கவும் வேண்டாம், நேராகப் போலீசைக் கூப்பிடுங்கள் என்றேன். போலீஸ் வந்து பார்த்தது. ஏதோ லாரியின் சஸ்பென்ஷனிலிருந்து உடைந்து விழுந்த துண்டு. அன்று இரவு அந்தத் தம்பி என்னிடம் பேசியபோது குரல் நடுங்கியது. எனக்கும்தான்.

நான் பதினோரு வருடமாக அந்தப் பக்கத்தில் வேலை செய்கிறேன். கனிமம் தேடிப் போகும் ஆட்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் தொழில். எங்கள் ஆட்கள் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் அனுமதி, பயிற்சி, கையெழுத்து எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதே நிலத்தின் ஊடே ஓடும் நெடுஞ்சாலையில் போகும் குடும்பங்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைப் பற்றி. தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடமேற்கே சுமார் 450 கிலோமீட்டரில் இருக்கிறது வூமெரா என்ற சிற்றூர். அதற்கு அப்பால் மேற்கிலும் வடக்கிலும் விரிந்து கிடப்பதுதான் வூமெரா தடைசெய்யப்பட்ட பகுதி. பரப்பு சுமார் 1,22,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதும் 1,30,000. கிட்டத்தட்ட நம் மாநிலம் அளவுக்கு ஒரு ஆயுதச் சோதனைக் களம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1946-இல் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து போட்ட திட்டம், 1947-இல் தொடங்கிய களம், இன்றைக்கும் வேலை நடக்கிறது. பழங்கதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவ்வளவு பெரிய இடத்துக்கு வேலி போட யாராலும் முடியாது. உங்களையும் அந்தக் களத்தையும் பிரிப்பது சாலையோரத்தில் நிற்கும் சில அறிவிப்புப் பலகைகள் மட்டும்தான். நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அந்தப் பலகை கண்ணில் படுவது மூன்று நான்கு நொடிதான். பின் சீட்டில் தூங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை. பலகையைத் தாண்டினாலும் வெளியே எதுவும் மாறாது. அதே சிவப்பு மண், அதே சால்ட்புஷ் செடி, அதே வானம்.

ஸ்டூவர்ட் ஹைவேயில் போவதற்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை போகும் அந்தச் சாலை, கிளெண்டாம்போ என்ற சிற்றூருக்கும் கூபர் பீடிக்கும் நடுவே இந்தப் பகுதிக்குள் புகுந்து போகிறது. சாலையில் போகலாம், ரெஸ்ட் ஏரியா என்று பலகை உள்ள இடத்தில் நிறுத்தலாம். உங்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி அந்தச் சாலை மட்டும்தான். சாலையை விட்டு உள்ளே நடந்தாலே அனுமதியில்லாமல் நுழைந்ததாகிவிடும். ஆஸ்திரேலியப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். "ரெண்டு நிமிஷம் போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்" என்பதற்கு அங்கே இடமில்லை. டிரோன் பறக்க விடும் ஆசை இருந்தால் அதையும் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். மேலே இருக்கும் வான்வெளிக்கும் தடை விதிப்பது உண்டு.

இதில் பெரிய சிக்கலே கையில் இருக்கும் போன்தான். மேப்பில் பார்த்தால் ஒரு உப்பு ஏரிக்கோ, பாழடைந்த பண்ணை வீட்டுக்கோ மண் பாதை தெரியும். தொட்டால் வழியும் காட்டும். அது யாருடைய நிலம், இந்த வாரம் அங்கே என்ன நடக்கிறது என்பதெல்லாம் மேப்புக்குத் தெரியாது. களத்தைச் சிவப்பு, ஆம்பர், பச்சை என்று மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிவப்பில் எப்போதும் ராணுவ வேலை நடக்கும், மற்றவற்றில் அவ்வப்போது. சோதனை நடக்கும் நாட்களில் ஆம்பர், பச்சை மண்டலங்களில் இருக்கும் சுரங்கக்காரர்களும் பண்ணைக்காரர்களும்கூட வெளியேற வேண்டி வரும். முன்கூட்டியே எங்களுக்குத் தேதி வரும், நாங்கள் முகாமைக் காலி செய்வோம். உங்களுக்கு யார் சொல்வார்கள்?

இப்போது அந்த இரும்புத் துண்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுப்பது.

எழுபது வருடத்துக்கு மேலாக அந்த மண்ணில் ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் குண்டுகளும் விழுந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் முதல் செயற்கைக்கோளான ரெசாட் 1967 நவம்பரில் வூமெராவிலிருந்துதான் போனது. பிரிட்டனின் பிராஸ்பெரோ 1971-இல் போனது. மேலே போனது பேப்பரில் வரும். வழியில் கழன்று விழுந்ததெல்லாம் எங்கே கிடக்கிறது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு கிடையாது. 1964 ஜூன் 5-இல் ஏவிய முதல் புளூ ஸ்ட்ரீக் ராக்கெட்டின் உடைசல், களத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜைல்ஸ் வானிலை நிலையத்துக்குப் பக்கத்துப் பாலைவனத்தில், 1980-இல்தான் கண்ணில் பட்டது. பதினாறு வருடம் கழித்து. அவ்வளவு பெரிய ராக்கெட்டுக்கே இந்த நிலை என்றால், ஒரு கை அளவு உருளைக்கு என்ன சொல்வது?

ஒருமுறை மண் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். எனக்கு முன்னால் நடந்த பையன் திடீரென்று நின்றான். கையை மட்டும் உயர்த்தினான். சால்ட்புஷ் புதருக்கு அடியில், மண்ணுக்கு மேலே நான்கு விரல் அளவுக்கு ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தது. மீன் துடுப்பு மாதிரி வடிவம். சாம்பல் பெயிண்ட் உரிந்து கீழே துரு தெரிந்தது. மிச்சம் எவ்வளவு உள்ளே புதைந்திருக்கிறது என்று தெரியாது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. வந்த காலடித் தடத்தின் மேலேயே திரும்பக் கால் வைத்து வண்டி வரை வந்தோம். இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, சாட்டிலைட் போனில் தகவல் சொன்னோம். அன்றைய வேலை போயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை. துரு ஏறியதால் வெடிமருந்து செத்துப்போகாது, பல நேரம் முன்னைவிடக் கோபக்காரனாக ஆகிவிடும். இதை எங்கள் பயிற்சியில் படம் போட்டுக் காட்டுவார்கள்.

அதனால் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். உலோகம் எது கிடந்தாலும் தொடக்கூடாது, காலால் தட்டக்கூடாது, கல் எறியக்கூடாது. சாலையோரத்தில் பார்த்தாலும் அப்படித்தான். பார்த்தால் விலகி வந்து, பக்கத்துக் கிலோமீட்டர் பலகையைக் குறித்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் போலீஸுக்குச் சொல்லுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் அவசரம் இல்லாத தகவலுக்கு 131 444, ஆபத்து என்றால் 000. தெரியாமல் எடுத்து வண்டியில் போட்டிருந்தால், திரும்ப எடுத்து வீசப் பார்க்காதீர்கள். நிறுத்தி, எல்லோரும் தள்ளிப் போய், போன் செய்யுங்கள். ராக்கெட் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வூமெரா ஊரே இருக்கிறது. ஸ்டூவர்ட் ஹைவேயில் இருக்கும் பிம்பாவிலிருந்து சில நிமிடம்தான். 1982-லிருந்து எல்லோரும் போகலாம். ராக்கெட்டுகளைத் திறந்த வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆசை தீரப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலையை விட்டு ஆன் பீடெல் ஹைவே மாதிரிப் பாதைகளில் போக நினைக்கும் நண்பர்களும் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். பெயரில்தான் ஹைவே. கூபர் பீடியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்ட்டன் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் மண்ணும் மணலும்தான். அதற்கு ராணுவ அனுமதி தனி, மராலிங்கா ஜாருஜா பழங்குடி நிலத்துக்கு அனுமதி தனி, பூங்காக்களுக்குத் தனி. வாரக்கணக்கில் முன்னதாக விண்ணப்பியுங்கள். அந்த வழியில்தான் ஈமு ஃபீல்டு இருக்கிறது. 1953 அக்டோபரில் பிரிட்டன் அங்கே இரண்டு அணுகுண்டுகளை வெடித்தது. வெடித்த இடங்களில் கல்தூண் நட்டிருக்கிறார்கள். கீழே மணல் உருகிக் கண்ணாடித் துணுக்குகளாகக் கிடக்கும். பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு துணுக்குகூடப் பைக்குள் வரக்கூடாது, அங்கே கூடாரமும் போடக்கூடாது.

அந்தப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மில்புடி குடும்பத்தின் ஞாபகம் வரும். பிரிட்டன் அணுகுண்டு சோதித்த இன்னொரு இடமான மராலிங்காவில் 1956-இல் மார்கூ என்ற குண்டு தரையில் வைத்து வெடிக்கப்பட்டது. 1957 மே மாதம், அந்தக் குழிக்குப் பக்கத்தில் ஒரு பழங்குடிக் குடும்பம் படுத்துறங்கியதை ராணுவத்தினர் கண்டார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், அவர்களுடைய நாய்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த வழியில்தான் அவர்கள் நடந்து வந்தார்கள். எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, அவர்களுக்கு அது தெரியாது. நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தார், குழந்தை இறந்து பிறந்தது. 1985-இல் அரச விசாரணை ஆணையத்தின் முன்னால் இது பதிவானது. நமக்கோ பலகையைப் படிக்கத் தெரியும். அதன் முன்னால் வண்டியை மெதுவாக்கி ஒருமுறை முழுவதும் படித்தாலென்ன?

சரி, மற்ற ஆபத்துகள். உண்மையைச் சொன்னால் அந்தச் சாலையில் குண்டைவிட அதிகம் பயப்பட வேண்டியது களைப்புக்கும் கங்காருவுக்கும்தான். பிம்பாவிலிருந்து கிளெண்டாம்போ சுமார் 113 கிலோமீட்டர். அங்கிருந்து கூபர் பீடி வரை 254 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. பிம்பாவிலேயே டேங்கை நிரப்புங்கள். கிளெண்டாம்போவில் பங்க் திறந்திருக்கிறதா என்று முன்னதாகவே விசாரித்துவிட்டு, அங்கேயும் நிரப்புங்கள். அந்தி சாய்ந்தபின் ஓட்ட வேண்டாம். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், மண் சாலைக்கும் இரவு ஓட்டத்துக்கும் பல இடங்களில் காப்பீடு செல்லாது. பல டிரெய்லர்களை இழுத்துப் போகும் லாரியான, ஐம்பத்து மூன்று மீட்டர் நீள ரோடு டிரெயினை முந்தும்போது எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியாகத் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு.

வண்டி நின்றுவிட்டால் வண்டியிலேயே இருங்கள். இது எங்கள் ஆட்களுக்கு நான் வருடத்துக்கு நூறு முறை சொல்வது. மேலிருந்து தேடுகிறவருக்குக் கார் தெரியும், நடந்து போகும் மனிதர் தெரியமாட்டார். இங்கே நடந்து போனால் தடைப் பகுதிக்குள்தான் போவீர்கள் என்பது இன்னொரு காரணம். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று நான் ஏற்றுவேன். கோடையில் 45 டிகிரி அங்கே சாதாரணம். சாட்டிலைட் போனோ, நீங்கள் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும் அவசர பீக்கனோ வாடகைக்குக் கிடைக்கும். புது ஐபோன்களில் சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கிறது, வீட்டிலேயே ஒருமுறை பழகிப் பாருங்கள். மழை வந்தால் பாலைவனம்தானே என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரியில் கிளெண்டாம்போவுக்கு வடக்கே வெள்ளம் சாலையை மூழ்கடித்து, கூபர் பீடிக்கு விமானப்படை உணவு கொண்டுபோக வேண்டியதாயிற்று. கிளம்பும் காலையில் மாநில அரசின் அவுட்பேக் சாலை நிலவரத்தைப் பாருங்கள். சாலை மூடியிருக்கிறது என்றாலோ, போலீஸ் நிறுத்தினாலோ, ஏன் என்று வாதாடாமல் நில்லுங்கள்.

அப்புறம் ஒன்று. போர்ட் அகஸ்டாவை விட்டுக் கிளம்பும்போது வீட்டில் யாருக்காவது நேரத்தைச் சொல்லி ஒரு மெசேஜ் போடுங்கள். கூபர் பீடியில் எத்தனை மணிக்குப் பேசுவீர்கள், பேசாவிட்டால் எத்தனை மணிக்கு அவர்கள் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தம்பியின் குடும்பம் உலுரு பார்த்துவிட்டுத் திரும்பும்போது அப்படித்தான் செய்தது. காலை எட்டரைக்குக் கூபர் பீடியில் கிளம்பியதும் ஒரு மெசேஜ் வந்தது. மதியம் ஒன்றே காலுக்குப் பிம்பாவிலிருந்து இன்னொன்று: "வந்துட்டோம் அண்ணா. எங்கயும் இறங்கல. இப்போ வூமெரால ராக்கெட் காட்டக் கூட்டிட்டுப் போறேன்."