துவர்ப்பு தணியும் காலம்

பிரான்ஸின் போர்தோவில் வசிக்கும் நண்பர் ஒருவர், நான் விருந்துக்குப் போவதற்கு முதல் நாளே ஒரு பாட்டிலை அடுக்கிலிருந்து எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்தார். 1996 அறுவடை, சேன் ஜூலியன் என்ற ஊரின் சிவப்பு ஒயின். “இருபத்தேழு வருடம் படுத்தே கிடந்திருக்கிறது. ஒரு நாளாவது எழுந்து நின்றால்தான் வண்டல் அடியில் இறங்கும்” என்றார்.

மறுநாள் மாலை அவர் தக்கையை உருவியபோது அது பாதியில் உதிரப் பார்த்தது. ஒயினில் நனைந்திருந்த அடிப்பகுதி கன்னங்கரேலென்று இருந்தது. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்துக்கொண்டு, கை நடுங்காமல், ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். வெளிச்சத்தில் கறுப்பு இழை ஒன்று கழுத்தை நோக்கி ஊர்ந்து வந்ததும் நிறுத்திவிட்டார். பள்ளியில் நாம் படித்த ‘தெளிய வைத்து இறுத்தல்’தான். மிஞ்சிய மண்டியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். காபி மண்டியைப் போல நறநறத்தது. வாய் முழுவதும் இழுத்துப் பிடித்தது. தெளிந்த மதுவுக்குப் பழந்தமிழில் ‘தேறல்’ என்று தனிப்பெயரே உண்டு. அந்தப் பெயரின் அருமை மண்டியைச் சுவைத்த பிறகுதான் தெரிந்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே வட்டாரத்தின் மூன்று வயது ஒயின் ஒன்றையும் திறந்தார். வெள்ளை மேசைவிரிப்பின் மேல் இரண்டு கோப்பைகளையும் சாய்த்துப் பிடித்தோம். இளையது நாவல்பழச் சாறு போல ஊதா பாய்ந்த சிவப்பு. மூத்தது நடுவில் செங்கல் நிறம், ஓரத்தில் ஆரஞ்சு. இளையதை ஒரு வாய் குடித்ததும் ஈறும் கன்னமும் உலர்ந்தன. மூத்தது வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடைத்து வைத்த பாட்டிலுக்குள் அப்படி என்னதான் நடந்தது?

துவர்ப்பிலிருந்து தொடங்கலாம். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணும் மொழியில் எழுதுவதில் ஒரு வசதி: இந்த உணர்வைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாக்கு, கடுக்காய், வாழைப்பூ என்று சொன்னாலே வாய் சுருங்கும். ஆனால் உடலியல் கணக்கில் துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற மூலக்கூறுகள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்கின்றன. எச்சில்தான் வாய்க்கு மசகு எண்ணெய். அதன் புரதம் திரண்டுவிட்டால் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

டானின் பற்றுவது எச்சில் புரதத்தை மட்டும் அல்ல. கடுந்தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவது பாலின் கேசீன் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால். அரிந்த வாழைப்பூவை மோரில் போடுவதிலும் இதே வேலை கொஞ்சம் நடக்கிறது. கறுக்காமல் காப்பது மோரின் புளிப்பு, துவர்ப்பில் ஒரு பங்கைக் கழிப்பது அதன் புரதம். போர்தோக்காரர்கள் 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றும் பழைய வழக்கமும் இதுதான். முரட்டு டானின்கள் வெள்ளைக்கருவோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும்.

அப்படிப் படியாமல் பாட்டிலுக்குள் போன டானின், ஆண்டுகள் கழியக் கழிய எப்படி மென்மையாகிறது? வழக்கமாகச் சொல்லப்படும் விடை இது: டானின்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலியாகி, கனம் தாங்காமல் வண்டலாக விழுந்துவிடுகின்றன. பாதி உண்மை. வண்டல் விழுவதை நானே பார்த்தேன். ஆனால் ஒயின் நல்ல புளிப்புள்ள திரவம். அந்த அமிலத்தில் டானின் சங்கிலிகள் நீளுவதைப் போலவே அறுபடவும் செய்கின்றன. அறுந்த முனை இன்னொரு டானினோடு ஒட்டும், அல்லது ஒரு நிறமியோடு ஒட்டும். சில சங்கிலிகள் தமக்குள்ளேயே முடிச்சுப் போட்டுச் சுருண்டுவிடும். சுருண்ட சங்கிலிக்கு எச்சில் புரதத்தைப் பற்றும் பிடி குறைவு. ஆகவே மூத்த ஒயினிலும் டானின் நிறையவே இருக்கலாம், கைகள்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

நிறமி என்றேனே, அதன் பெயர் ஆந்தோசயனின். நாவல்பழத்திலும் செம்பருத்தியிலும் இருக்கும் அதே குடும்பம். செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும் என்பது பள்ளி ஆய்வகத்தில் பார்த்ததுதான். ஆந்தோசயனின் அவ்வளவு சஞ்சலக்காரி. ஒயினிலுள்ள தனி ஆந்தோசயனினில் பெரும்பகுதி உண்மையில் நிறமற்ற வடிவில்தான் கிடக்கிறது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடும் அதை வெளுக்கச் செய்கிறது. தனியாக விட்டால் சில ஆண்டுகளில் நிறம் போய்விடும். டானினோடு மணம் முடித்த பிறகுதான் அது நிலைக்கிறது. அந்தக் கூட்டு நிறமி புளிப்புக்கும் கந்தகத்துக்கும் எளிதில் அசையாது. சற்று வேறு வகையாக இணைந்தவை ஆரஞ்சு நிறம் காட்டும். கோப்பையின் ஓரத்தில் நான் பார்த்த செங்கல் நிறம் இந்தக் கூட்டணியுடையது. மூன்று வயதில் இருந்த ஊதாவில் அங்கே அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது.

இந்த இணைப்புகளில் பலவற்றுக்குத் தரகர் ஆக்சிஜன். 1860களில் லூயி பாஸ்டர் இதைக் கண்ணாடிக் குழாய்களில் காட்டினார்: முழுதும் ஒயின் நிரப்பி மூடிய குழாய் மாறாமல் இருந்தது, காற்றுக்கு இடம் விட்டு மூடியதில் நிறம் மாறி வண்டல் படிந்தது. இன்று வழிமுறை விவரமாகத் தெரியும். ஒயினில் மில்லிகிராம் கணக்கில் இருக்கும் இரும்பின் துணையோடு ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. அது ஆல்கஹாலில் கொஞ்சத்தை அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. அசிட்டால்டிஹைடு டானினுக்கும் நிறமிக்கும் நடுவே பாலமாகிறது.

ஆக்சிஜன் நல்லதென்றால் திறந்தே வைத்துவிடலாமே? அங்கேதான் அளவு வருகிறது. காற்றுபட ஊற்றினால் ஒரு பாட்டில் ஒயினில் ஆறு மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரைந்துவிடும். நல்ல தக்கை உள்ளே விடுவது ஆண்டுக்கு ஒரு மில்லிகிராம் அளவு, பல சமயம் அதற்கும் குறைவு. முதல் ஆண்டில் வருவதில் பெரும்பகுதி வெளிக்காற்றுகூட இல்லை. பாட்டில் வாயில் நசுக்கிச் செருகும்போது தக்கையின் நுண்ணறைகளில் அடைபட்டிருந்த காற்று. அதாவது குடுவையில் சில நிமிடங்களில் நடப்பதைத் தக்கை பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. அவசரமாகத் தந்தால் பாலம் கட்டுவதற்கு முன் வாசனைகள் எரிந்துபோகும்.

இப்போது கலவைக்கு வருவோம். போர்தோவின் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட திராட்சை வகைகளைக் கலந்து செய்வது. போர்தோவின் கரோன், தோர்தோன் ஆறுகள் கூடி ஜிரோந்த் கழிமுகமாகின்றன. இடது கரையான மெடாக்கில் கூழாங்கல் நிலம். நீர் நிற்காது, சூடு தங்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோன் என்ற திராட்சைக்கு அது தோது. சிறிய மணி, தடித்த தோல், சதையோடு ஒப்பிட்டால் பெரிய விதை: டானினும் நிறமும் தாராளம். வலது கரையின் பொமரோல் பக்கம் களிமண். அங்கே முன்னதாகப் பழுக்கும் சதைப்பற்றான மெர்லோ ஆட்சி செய்கிறது. மணத்துக்குக் கபர்னே ஃப்ராங், காரசாரத்துக்குக் கொஞ்சம் பெட்டி வெர்தோ. 1997இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவைச் சோதித்தபோது கபர்னே சோவின்யோன் என்பது கபர்னே ஃப்ராங்குக்கும் வெள்ளைத் திராட்சையான சோவின்யோன் பிளாங்கிற்கும் பிறந்தது என்று தெரிந்தது. மெர்லோவுக்கும் கபர்னே ஃப்ராங் ஒரு பெற்றோர். கலவைத் தொட்டியில் கூடுவது ஒரே குடும்பம்.

நயத்துக்காகக் கலந்தார்கள் என்று விற்பனைத் தாள்கள் எழுதும். விவசாயிக்கு அது முதலில் காப்பீடு. 1998இல் மெர்லோவைப் பறித்து முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெளியில் காத்திருந்த கபர்னே நனைந்தது. அந்த ஆண்டு வலது கரைக்குக் கொண்டாட்டம். 1996இல் பருவத்தின் பிற்பகுதி மெடாக்கில் நன்றாக அமைந்து, பொறுத்திருந்த கபர்னே ஜெயித்தது. நண்பரின் பாட்டில் இருபத்தேழு ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு அந்தக் கபர்னேயின் டானின் கையிருப்பே முதல் காரணம். கலவையில் மெர்லோ மட்டும் இருந்திருந்தால் முன்பே கனிந்திருக்கும். கபர்னே மட்டும் இருந்திருந்தால் பத்து வயதில் யாரும் கிட்டே போயிருக்க முடியாது.

வாசனையின் கதை இன்னும் சுவாரசியமானது. இளமையின் பழ மணத்தில் பெரும்பங்கு நொதித்தலில் பிறந்த எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்களுடையது. வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிட்டேட் போன்றவை அமில நீரில் சில ஆண்டுகளிலேயே உடைந்துபோகின்றன. அந்த இரைச்சல் அடங்கியதும் அடியிலிருந்தவை கேட்கத் தொடங்குகின்றன: ஓக் பீப்பாய் தந்த வெனிலின், பச்சைக் குடமிளகாயை நினைவூட்டும் பைரசின்கள். இவை பிடிவாதக்காரர்கள், எளிதில் அழியமாட்டா. புதிதாகப் பிறப்பவையும் உண்டு. திராட்சையிலிருந்து வந்த ஒரு கந்தகச் சேர்மம் மெல்லச் சிதைந்து டைமெத்தில் சல்பைடு ஆகிறது. தனியே முகர்ந்தால் வேகவைத்த சோளம், கடற்கரை வாடை. நூறு கோடியில் சில பத்துப் பங்கு ஒயினில் சேர்ந்தால் காளானும் ஈரச் சருகும். மூத்த போர்தோவில் தட்டுப்படும் புதினாக் குளிர்ச்சிக்குப் பைபெரிட்டோன் என்ற சேர்மம் துணை செய்வதைப் போர்தோ ஆய்வாளர்களே கண்டறிந்தார்கள். என் கோப்பையில் எனக்குக் கிடைத்தது புதிதாகச் சீவிய பென்சில், புகையிலை, கடைசியில் மெல்லிய புதினா. பழம் எங்கோ தூரத்தில் உலர்ந்த அத்தியாக இருந்தது.

எல்லா ஒயினும் இப்படி முதிராது. உலகில் விற்பதில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. அதை இருபது வருடம் வைத்தால் கிடைப்பது ஏமாற்றம் மட்டுமே. இடமும் முக்கியம். நிலவறைக்கு 12, 13 டிகிரி என்பது சம்பிரதாயம் அல்ல. வெப்பம் கூடினால் எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. எஸ்டர் உடைவது ஒரு வேகம், டானின் இணைவது வேறு வேகம். சூடான அலமாரியில் வைத்த பாட்டில் சீக்கிரம் முதிர்வதில்லை, வேறொன்றாக வெந்துபோகிறது.

இறுத்த பிறகு ஒரு மணி நேரம் ஊற விட வேண்டாமா என்று கேட்டேன். நண்பர் தலையை ஆட்டி மறுத்தார். பழைய ஒயினை வண்டல் நீக்குவதற்காக மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில்தான் இறுத்து ஊற்ற வேண்டும் என்பது போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பேய்னோவின் கட்சி. காரணம் மேசையிலேயே தெரிந்தது. முதல் கால் மணி நேரம் கோப்பை விரிந்துகொண்டே போனது. நாற்பது நிமிடத்தில் புதினா மறைந்தது. பிறகு புளிப்பு தலைதூக்கியது. ஆக்சிஜனைத் தாங்கும் கந்தகமும் டானினின் தாங்குதிறனும் மூத்த ஒயினில் ஏற்கெனவே பெரும்பாலும் செலவாகியிருந்தன.

மூன்று வயது ஒயினில் பாதியை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனோம். மறுநாள் மதியம் அதைக் குடித்தபோது முந்தின இரவைவிட நன்றாக இருந்தது. மூத்ததில் மிச்சம் வைக்க நண்பர் விடவில்லை.