பெயர் தெரியாத அக்கார்டியனைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. முகப்பு முழுக்கத் தின்னர் போட்டுத் தேய்த்ததில் பளபளப்பு குழைந்து, விரல் ரேகை பதிந்து காய்ந்துபோன அக்கார்டியன், மார்பில் மாட்டி இழுத்துத் தள்ளி வாசிக்கிற பெட்டி. "பேர் எதுவும் தெரியல சார், அழுக்கை எடுத்தா தெரியுமேன்னு பார்த்தோம்." ஐயா, அது பெயிண்ட் இல்லை, செல்லுலாய்டு என்கிற பழங்காலப் பிளாஸ்டிக். தின்னரில் கரையும். பெயர் எழுத்துகளை முகப்பில் ஒட்டியோ ஊசி வைத்தோ பதித்திருப்பார்கள். உதிர்ந்த பிறகும் ஊசித் துளையும் நிறம் மாறிய தடமும் நிற்கும். சாய்வாக டார்ச் அடித்தால் படிக்கலாம். அதைக் கரைத்துவிட்டு "எந்த ஊர்ப் பெட்டி?" என்று என்னிடம் கேட்டால்?

பெயர் இல்லாவிட்டால் போலி என்கிறது ஒரு கட்சி. பெயர் இல்லாததால்தான் அபூர்வம், லட்சக்கணக்கில் போகும் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டும் தப்பு. இத்தாலியில் காஸ்டெல்ஃபிடார்டோ என்று ஒரு சிற்றூர். 1863இல் பாவ்லோ சோப்ரானி அங்கே தொழில் தொடங்கினார். அப்புறம் தெருவுக்குத் தெரு பட்டறை. ஜெர்மனியின் கிளிங்கன்டால் பக்கமும் அப்படித்தான். பட்டறைக்காரர் செய்து அனுப்புவார், விற்கிற கடைக்காரர் தன் பெயரை ஒட்டிக்கொள்வார். ஒரே பட்டறைப் பெட்டி ஊருக்கொரு பெயரில் விற்றிருக்கும். ஆகவே பெயர் இருந்தாலுமே அது செய்தவர் பெயர் என்று சத்தியம் செய்ய முடியாது. வயதும் விலை ஆகாது. ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு) துருப்பிடித்து, பெல்லோஸ் (நடுவிலுள்ள மடிப்புத் துருத்தி) ஓட்டையான பெட்டிக்குப் பழுதுச் செலவே விலையைத் தாண்டிவிடும். இதைச் சொன்னால் நான் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறேன் என்று சந்தேகப்படுகிறார்கள்!

நான் முதலில் பார்ப்பது சுரம். ஒரே கட்டையை அழுத்தி இழுத்தால் ஒன்று, தள்ளினால் வேறொன்று பேசுகிறதா? அது வேறு வம்சம், டயடோனிக். அடுத்து இடக்கைப் பொத்தான்களின் எண்ணிக்கை. முழு அளவுப் பெட்டியில் 6 வரிசை, வரிசைக்கு 20, ஆக 120. பிறகுதான் உள்ளே. ரீடு தகட்டில் ஹெச் என்று சுரப்பெயர் பொறித்திருந்தால் ஜெர்மானிய வழக்கம்; ஆங்கிலத்தில் பி என்கிற சுரத்தை அவர்கள் ஹெச் என்பார்கள். எங்காவது ஜி.டி.ஆர். (அந்தக் காலக் கிழக்கு ஜெர்மனி) முத்திரை இருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவே செய்தது. பென்சிலில் நாலு இலக்க எண்ணைக் கண்டதும் வருடம் என்று குதிக்காதீர்கள்; பாகங்கள் கலந்துவிடாமலிருக்கப் பட்டறையில் போட்ட எண்ணாகவும் இருக்கும்.

ஈரம் பிழிந்த மெல்லிய துணி போதும், அதுவும் வெளியே மட்டும். ரீடில் எண்ணெய் விடாதீர்கள். கட்டையோ காற்றுப் பொத்தானோ அழுத்தாமல் பெல்லோஸை இழுக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் ரீடைப் பிடித்திருக்கும் மெழுகு இளகிவிடும். செல்லுலாய்டு குப்பென்று பற்றும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கிழிந்த வார், பூஞ்சை பிடித்த உறைப்பெட்டி எதையும் குப்பையில் போடாமல் சேர்த்தே கொண்டுவாருங்கள். விற்ற கடையின் சீட்டு சில சமயம் உறையின் உள்துணிக்கு அடியில் கிடக்கும்.