ஸ்லாட் மிஷின்ல 'ஜஸ்ட் மிஸ்' எப்படி உருவாகுது?

ஸ்லாட் மிஷின்ங்கற சூதாட்ட மிஷின்ல பட்டனை அமுக்குறாங்க, மொத ரீல்ல, அதாவது படம் போட்ட சக்கரத்துல, 7 வந்து நிக்குது, ரெண்டாவதுலயும் 7, மூணாவது ரீல் சுத்தி வந்து அந்த 7 ஜெயிக்கற கோட்டுக்கு ஒரே ஒரு படி மேல நின்னுடுது. சே, ஜஸ்ட் மிஸ்ஸு, இன்னொரு தடவை போட்டா விழுந்துடும்னு கை தானா பட்டனுக்குப் போகும். ஆனா அந்த மிஷினுக்குக் 'கிட்டத்தட்ட'ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பட்டனைத் தொட்டதுமே உள்ள இருக்கற சிப் ரேண்டமா நம்பர் எடுத்து முடிவு பண்ணிடுது, அப்புறம் ரீல் சுத்துறது, நிக்கிறது எல்லாமே முடிஞ்சுபோன ரிசல்ட்டைக் காட்டற வேலைதான்.

ஆரம்பத்துல இப்படி இல்ல. 1890கள்ல சான் பிரான்சிஸ்கோல சார்லஸ் ஃபே செஞ்ச லிபர்ட்டி பெல் மிஷின்ல மூணு ரீல், ஒவ்வொண்ணுலயும் 10 இடம், மொத்தம் 1000 சேர்க்கை, கண்ணுல தெரியற கணக்குதான் உள்ளயும். ஆனா 1000-ல ஒரு தடவை விழற ஜாக்பாட்டுக்கு லட்சக்கணக்குல பரிசு வெச்சா மிஷின்காரனுக்குக் கட்டுப்படி ஆகாது, அதுக்காக ரீலைப் பெருசாக்கினா ஆடறவங்களுக்கே விழாதுன்னு தெரிஞ்சுடும். இந்தச் சிக்கலை டெல்னேஸ்ங்கறவர் தீர்த்தார், 1984-ல அமெரிக்கால பேட்டன்ட்டும் கிடைச்சுது.

அவர் செஞ்சது இதுதான். கண்ணாடிக்குப் பின்னாடி தெரியற ரீல்ல 22 இடம்தான், ஆனா சாஃப்ட்வேர்ல இருக்கற மெய்நிகர் ரீல்ல 64 நம்பர்னு வெச்சுக்கலாம், அதைவிட அதிகமாவும் வைக்க முடியும். ஒவ்வொரு நம்பரும் ஒரு இடத்தைக் காட்டும், ஆனா எல்லா இடத்துக்கும் சமமா பங்கு கிடையாது. ஜாக்பாட் சிம்பலுக்கு ஒரே ஒரு நம்பர். அதுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் இருக்கற காலி இடத்துக்கு ஆளுக்கு 5 நம்பர் கொடுத்தா என்ன ஆகும்? ஜாக்பாட் சிம்பல் ஒரு தடவை கோட்டுல நின்னா, 10 தடவை கோட்டுக்கு ஒட்டி மேலயோ கீழயோ நிக்கும். நேர்மையான ரீலா இருந்தா அது 2 தடவைதான். பாக்கறவங்க 22-ஐ மூணு ரீலுக்குப் பெருக்கி 10,648-ல ஒரு வாய்ப்புன்னு நெனைக்கலாம், நிஜத்துல 64-ஐ அதே மாதிரி பெருக்கணும், அது 2,62,144-ல ஒண்ணு.

1980கள் கடைசில அமெரிக்காவோட நெவாடா மாநிலத்துல ஒரு பெரிய வழக்கே வந்துச்சு. ஜப்பானைச் சேர்ந்த யுனிவர்சல் கம்பெனி மிஷின்ல தோல்வின்னு முடிவானப்புறம், ஜெயிக்கற மாதிரி தெரியற தோல்வியைத் தனியா பொறுக்கி எடுத்துக் காட்டற ஒரு புரோகிராம் இருந்துச்சு. அது கூடாதுன்னு 1989-ல சூதாட்டத்தைக் கண்காணிக்கற அந்த மாநில கேமிங் கமிஷன் சொல்லிடுச்சு. ஆனா மெய்நிகர் ரீலுக்கு மட்டும் அனுமதி தொடர்ந்துச்சு, ஏன்னா அங்க நம்பர் ரேண்டமாதான் வருதாம். எனக்கு இது கொஞ்சம்கூட ஏத்துக்க முடியாத வித்தியாசம், ஆடறவங்க கண்ணுக்கு வந்து சேர்ற படம் ரெண்டுலயும் ஏமாத்துற படம்தானே.

சரி, மூளை ஏன் இதுல விழுது? கேரம் ஆடும்போது காயின் பாக்கெட் ஓரத்துல தட்டித் திரும்பினா அது நெஜமாவே நல்ல சேதி, அடுத்த அடில கோணத்தைக் கொஞ்சம் மாத்தினா விழும், அதனால 'கிட்ட வந்துட்டோம்'னா விடாதேன்னு மூளை சொல்றது சரியான பாடம்தான். ஸ்லாட் மிஷின்ல திருத்திக்க ஒண்ணுமே இல்ல, ஒவ்வொரு சுத்தும் புதுசு, ஆனா மூளை அதே பாடத்தை இங்கயும் படிக்குது.

கேம்பிரிட்ஜ்ல லூக் கிளார்க் குழு 2009-ல ரெண்டு ரீல் வெச்ச ஒரு எளிமையான விளையாட்டை மூளை ஸ்கேனுக்குள்ள ஆட வெச்சாங்க. ஜெயிக்கும்போது வேலை செய்யற வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம்ங்கற மூளைப் பகுதி நூலிழைல தோக்கும்போதும் வேலை செஞ்சுது. இதுல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது வேற: முழுசா தோத்ததை விட நூலிழைல தோத்ததுதான் கசப்பா இருந்துச்சுன்னு ஆடினவங்களே சொன்னாங்க, ஆனா இன்னும் ஆடணும்ங்கற ஆசையும் அப்பதான் கூடுச்சு, அதுவும் சிம்பலைத் தானே தேர்ந்தெடுத்தப்ப மட்டும். பிடிக்கல, ஆனா வேணும். கையில ஏதோ கட்டுப்பாடு இருக்குன்னு தோணினாலே போதும்.

இதுல எல்லாரும் ஒத்துப்போறாங்கன்னு இல்ல. நூலிழைல தோத்தா, அதாவது 'நியர் மிஸ்' ஆனா, ஆட்கள் இன்னும் ஆடுவாங்கன்னு 1953-லயே உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன கருத்தை 2020-ல கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுபடி அலசிப் பாத்து, நியர் மிஸ்ஸால ஆட்கள் கூடுதல் நேரம் ஆடறாங்கன்னு சொல்ல வலுவான ஆதாரம் இல்லன்னு எழுதினாங்க. அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனா இந்த வகை சோதனைகள்ல பொதுவா ஆடறது சாதாரண ஆட்கள், சராசரி எடுத்தா பெரிய வித்தியாசம் தெரியாம போகலாம். 2010-ல கிளார்க்கும் சேஸும் வழக்கமா சூதாடறவங்களையே ஸ்கேன் பண்ணினப்ப, யாருக்குச் சூதாட்டப் பிரச்சினை முத்தியிருந்துச்சோ அவங்களுக்குத்தான் நியர் மிஸ் வரும்போது டோபமைன்ங்கற, ஆசையைத் தூண்டற ரசாயனத்தைச் சுரக்கற செல்கள் இருக்கற நடுமூளைப் பகுதி அதிகமா துடிச்சுது.