மனித மேம்பாடா, மனிதவள மேம்பாடா?

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை வெளிவரும்போதெல்லாம் மக்கள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்று நாடுகளை அளந்து வரிசைப்படுத்தும் எண்ணுக்கு, நம் செய்திகளில் ‘மனிதவள மேம்பாட்டுக் குறியீடு’ என்ற பெயர் தலைகாட்டுகிறது. போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் அதேதான். அறிக்கையின் பெயர் ‘ஹியூமன் டெவலப்மென்ட்’. நடுவில் ‘ரிசோர்ஸ்’ என்று எதுவும் கிடையாது. இல்லாத வளத்தை நாமே நுழைத்துக்கொண்டோம்.

‘டெவலப்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பொதிந்திருப்பதைப் பிரித்து விரிப்பது என்பது அதன் முதற்பொருள். ‘மேம்படு’ என்ற வினை தமிழில் ஏற்கெனவே இருந்ததுதான். சொல் வரலாறு இவ்வளவு போதும். சிக்கல் ‘வளம்’ என்ற மூன்று எழுத்துக் கூட்டாளியில்தான் இருக்கிறது.

நீர்வளம், கனிமவளம், வனவளம் என்கிறோம். எல்லாமே எடுத்துப் பயன்படுத்துவதற்கானவை. மனிதவளமும் அந்த வரிசைதான்: நிறுவனத்துக்கோ அரசுக்கோ உழைக்கக் கிடைக்கும் ஆள்பலம். தமிழக அரசில் மனிதவள மேலாண்மைத் துறை கவனிப்பது அரசு ஊழியர் விவகாரங்களை. அங்கே அந்தப் பெயர் சரி.

மனித மேம்பாடு என்ற கருத்தோ இந்தப் பார்வையை மறுத்துப் பிறந்தது. பாகிஸ்தான் திட்டக் குழுவின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர் மஹ்பூப் உல் ஹக். நாட்டின் உற்பத்தி வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. தொழில்துறைச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் 22 குடும்பங்களிடம் இருக்கிறது என்று 1968-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். உற்பத்தி பெருகுவது வேறு, மக்கள் நன்றாக வாழ்வது வேறு என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர். 1990-இல் அவர் முன்னின்று கொண்டுவந்த ஐ.நா.வின் முதல் மனித மேம்பாட்டு அறிக்கை, பொருளியலாளர் அமர்த்திய சென்னின் துணையோடு, ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளந்தது.

வயல்வேலை செய்து ஓய்ந்துபோன 75 வயது மூதாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதவளக் கணக்கில் அவருக்கு இடமில்லை; இனி அவரால் உற்பத்தி எதுவும் கூடப்போவதில்லை. மனித மேம்பாட்டில் அவர் 75 வயதுவரை வாழ்ந்ததே நாட்டின் சாதனை. பங்களாதேஷ் பிறந்தபோது பாகிஸ்தானைவிட அங்கே ஆயுட்காலம் குறைவு. இன்று பாகிஸ்தானையும் இந்தியாவையும் தாண்டி நிற்கிறது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகாமல் காத்த உப்புச் சர்க்கரைக் கரைசல், தடுப்பூசி, வீடு வீடாகப் போன பெண் சுகாதாரப் பணியாளர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த வேலை அது. இதைப் போய் ‘வளம் பெருகியது’ என்று எழுதினால் அந்தக் குழந்தைகள் நாளைய கூலியாட்கள் என்பதற்காகவே காப்பாற்றப்பட்டதாக ஆகிவிடும்.

‘வளம் என்றால் செழிப்புதானே, வாழ்க்கை வளம் என்கிறோமே’ என்று சிலர் வாதிடுகிறார்கள். சரி, அந்தப் பொருளும் உண்டு. ஆனால் ‘மனிதவளம்’ என்று கூட்டிச் சொன்னதும் கேட்பவர் மனத்தில் வருவது ஹெச்.ஆர். அலுவலகம். கூட்டுச்சொல்லுக்கு நிலைத்துவிட்ட பொருள் ஒன்று இருக்கும்போது, அகராதியைப் புரட்டி வேறு பொருளை ஏற்ற முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு ஊற்று டெல்லி என்பது என் ஊகம். 1985 முதல் 2020 வரை கல்வி அமைச்சகத்துக்கே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்றுதான் பெயர். ‘மனித’ என்று தொடங்கினாலே ‘வள’ என்று கை தானாக எழுதப் பழகிவிட்டது. மூலத்தை ஒருமுறை பார்க்காமல் பழைய செய்தியிலிருந்து பெயரை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்மீதுதான் எனக்குக் கோபம். இலங்கைத் தமிழர் ‘மனித அபிவிருத்தி’ என்கிறார்கள். அபிவிருத்தி வடசொல், எனக்கு உவப்பில்லை. ஆனாலும் பொருள் பிசகவில்லை. தூய தமிழில் தவறாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

‘மனித வளர்ச்சி’ என்பதும் பொருந்தாது. வளர்ச்சி என்பதைப் பொருளாதார வளர்ச்சிக்கு விட்டுவிடலாம். அந்த இரண்டும் ஒன்றல்ல என்று காட்டத்தானே இந்தக் கருத்தே வந்தது?

இன்னொரு நெருக்கடியும் உண்டு. 2018 முதல் உலக வங்கி மனித மூலதனத்துக்குத் தனி அளவீடு வெளியிடுகிறது. இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்தபின் எவ்வளவு உற்பத்தித் திறனோடு இருக்கும் என்று கணிப்பது அது. மனிதர்களை வளமாகப் பார்ப்பது உண்மையில் அந்த அளவீடுதான். இரண்டு பட்டியலும் ஒரே பெயரில் செய்தியானால் படிப்பவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

எனவே மனித மேம்பாட்டுச் சுட்டெண் என்றே எழுதுவோம். ‘குறியீடு’ அஞ்சலுக்கும் கவிதைக்கும் இருக்கட்டும். எண்ணால் சுட்டுவதற்குச் சுட்டெண் இருக்கிறது.