மைதா பசை: காய்ச்சுவது சுலபம், ஒட்டும் இடம்தான் சிக்கல்

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சங்கத்தில் கலைநிகழ்ச்சி வைத்தால் சுவரொட்டி ஒட்ட மைதா பசையே போதும். ஆனால் ஊர்ப் பழக்கத்தில் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடாதீர்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் தூண், பேருந்து நிறுத்தம், விளக்குக் கம்பம் எதிலும் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒட்டினால் 1966ஆம் ஆண்டு வாண்டலிசம் (சொத்து நாசவேலை) சட்டப்படி குற்றம். 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை. தண்ணீர் பட்டால் போய்விடும் பசைதானே என்ற சமாதானம் எடுபடாது, ஒட்டுவதே குற்றம். தனியார் கடைச் சுவருக்கும் இதே விதிதான். “ஒட்டிக்கோ தம்பி” என்று கடைக்காரர் வாயால் சொன்னது போதாது, எழுதி வாங்குங்கள். அதைவிட, சொந்தமாக ஒரு பிளைவுட் பலகையில் ஒட்டி, அனுமதி கிடைத்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது மேல்.

ஒரு கப் மைதா, அதாவது சுமார் 125 கிராம். அதை 250 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கட்டி உடையாது. இன்னொரு பாத்திரத்தில் 750 மில்லி தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, கரைசலை மெல்ல ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள். பால் வெள்ளை மாறிக் கொஞ்சம் கண்ணாடித் தன்மை வரும். அடிப்பிடிக்காமல் மேலும் மூன்று நான்கு நிமிடம் வேகவிடுங்கள். வேகாத மாவு காய்ந்ததும் பொடியாக உதிரும். ஆறினால் பசை இன்னும் இறுகும் என்பதால் தோசை மாவைவிட நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

சர்க்கரை சேர்த்தால் பிடிப்பு கூடும் என்பார்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எறும்பையும் அழைத்து வரும். பூச்சிக்காக ஊரில் போடும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) விஷம். ஒரு வாரம் நிற்கும் சுவரொட்டிக்கு அது எதற்கு? சமையல் பாத்திரத்தில் தயவுசெய்து வேண்டாம்.

சுருக்கம் விழுவதற்குப் பசை காரணமில்லை. நனைந்த காகிதம் விரியும். பின்பக்கம் பசை தடவி இரண்டு நிமிடம் விட்டு, விரிந்து முடிந்தபின் ஒட்டினால் சுருக்கம் பெரும்பாலும் வராது. பலகையிலும் மெல்லிய பூச்சு வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். இங்க்ஜெட் அச்சு ஈரத்தில் கசியும், லேசர் அச்சு தாங்கும். லேமினேட் செய்த தாளில் இந்தப் பசை நிற்காது. மழைச் சாரல் படும் இடத்துக்கும் இது சரிவராது.

வெளியே வைத்தால் பசை ஒரே நாளில் புளித்துவிடும். குளிர்பெட்டியில் மூடி வைத்தால் மூன்று நாள் வரும். வாடை மாறினால் குப்பைக்குத்தான். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். பழைய தாளில் வழித்தெடுத்துக் குப்பையில் போட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஊறட்டும் என்று தண்ணீரோடு வெளியே விட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும்; அதற்கு அபராதம் தனி.